போட்டோவில் இருந்த மாடு

அந்த மாடு அந்த மாடே இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

சந்தேகப்படுவதில் ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கொழுந்து நிறுக்கும்போது எல்லாரும் தராசைப் பார்ப்பார்கள். நான் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் கையைப் பார்ப்பேன். கடையில் பருப்பு வாங்கினால் மேலாக இருப்பதை ஒதுக்கிவிட்டு அடியில் கைவிட்டு அள்ளிப் பார்ப்பேன். "லெட்சுமி, ஒனக்குப் பொலிசுல வேல கெடைச்சிருக்கணும்" என்று என் வீட்டுக்காரர் செல்லசாமி சொல்வார். கிடைத்திருந்தால் முதல் கேஸை அவர்மேல்தான் போட்டிருப்பேன்.

மாடு வாங்குவது என் யோசனை. எங்கள் தோட்டம் நோட்டன் பிரிட்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறிவர வேண்டிய இடம். பால் எடுக்கிற வண்டி காலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ரோட்டில் வந்து நிற்கிறது. மாடு வைத்திருக்கும் பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போய் ஊற்றிவிட்டு வருகிறார்கள். அவர்கள் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்க ஓட வேண்டியதில்லை. எனக்கு மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, வேலை வாங்கும் கண்டாக்கையாவிடம் பேச்சு வாங்கி அலுத்துவிட்டது. ஒரு நல்ல மாடு நிலைத்தால் நான் மலை வேலையை விட்டுவிடலாம். நிலைக்காவிட்டால் இன்னொரு மாட்டுக்கு எங்களிடம் வழியில்லை. சாகிறவரைக்கும் கூடையைச் சுமக்க வேண்டியதுதான்.

மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது பால் தரும் என்பது மட்டும். செல்லசாமி அப்படியில்லை. வட்டவளைப் பக்கத்தில் மாட்டுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். நோட்டன் பிரிட்ஜ் கடைவீதியில் மாடு பிடித்துக் கொடுக்கும் தரகர் வடிவேல் அண்ணனைப் பார்த்துப் பேசி வைத்தார். பொலன்னறுவைப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பத்திடம் செவலை மாடு ஒன்று இருக்கிறது, நிறைமாதச் சினை, வந்து கொஞ்ச நாளிலேயே கன்று போடும் என்று வடிவேல் அண்ணன் போனில் படம் அனுப்பினார்.

என்ன படம் அது! வெயிலில் மினுமினுவென்று நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இரண்டு பக்கமும் அளவெடுத்தாற்போலக் கொம்பு, தரையைத் தொடுகிற மாதிரி வயிறு. லயம் முழுக்கக் காட்டினேன். பக்கத்து வீட்டு வீரம்மாக்கா போனைக் கையில் வாங்கி, திரையைத் தடவி, தன் நெற்றிப்பொட்டில் விரலை மடக்கி நெட்டி முறித்தாள். "கண்ணு பட்டுரும்டி, யாருக்கும் காட்டாத" என்றாள். அவளுக்குக் காட்டியபிறகு இனி யாருக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டைக் கொண்டுவரச் செல்லசாமி மட்டும்தான் போனார். நான் லொறியில் ஏறுவதில்லை. எட்டொன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு வலி வந்தபோது தோட்டத்து லொறியின் பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது வயிற்றில் பிள்ளை இருந்தது. ரோட்டு வளைவுகள் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை. லொறிச் சத்தம் கேட்டால் நான் அடுப்படிக்குள் போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பேன், அவ்வளவுதான்.

இருட்டினால் மாட்டு லொறி ஓடக்கூடாதாம். வழியில் ஓரிடத்தில் தங்கி மறுநாள் பொழுது சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தூறல், மூடுபனி. வீரம்மாக்கா ஆலத்தித் தட்டோடு காத்திருந்தாள். எஞ்சின் சத்தம் நின்ற பிறகுதான் நான் வெளியே வந்தேன்.

பலகை வைத்து இறக்கினார்கள். உடம்பெல்லாம் சாணியும் சேறும். விலா எலும்பை எண்ணலாம். வயிறு இருந்த இடத்தில் பள்ளம். ஒரு கொம்பின் நுனி உடைந்திருந்தது. கால் நடுங்க நடுங்க நின்று, வந்த வழியையே திரும்பிப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது.

"நில்லுங்க செல்லசாமி, ஆலத்தி சுத்திப்புடுறேன்" என்று வீரம்மாக்கா கற்பூரத்தைப் பற்றவைக்கப் போனாள்.

"வேணாங்க்கா" என்றார் அவர்.

"என்னாப்பா வேணாங்குற? வீட்டுக்கு லச்சுமி வருது!"

"வேணாம்னா வேணாம். மாடு மெரண்டு போயிருக்கு. எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க." சொல்லிக்கொண்டே மாட்டை நேராகக் கொட்டிலுக்குள் கொண்டுபோய், வாசலில் இரண்டு சாக்கைத் திரைபோலத் தொங்கவிட்டார்.

லயத்துக்கு ஒரு மாடு வந்தால் ஆளுக்கொரு கைப்பிடிப் புல்லாவது ஊட்டாமல் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. வீரம்மாக்கா பற்றவைக்காத கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"என்னாங்க, வயிறு எங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளாத் தண்ணி தீனி சரியில்ல. ஒட்டிப் போச்சு."

"நெறமாசம்னு சொன்னாங்க?"

"தரகர் கூட்டிச் சொல்லிருக்காரு. எளஞ்சினைதான்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சாக்குத் திரையின் முடிச்சைப் பார்த்துச் சொன்னார்.

"கொம்பு?"

"லொறியில இடிச்சுக்கிருச்சு. பின்பக்கமாப் போகாத, ஒதைக்கும்."

பிறகு வீட்டுக்குள் வராமல் நேரே தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனார். உடுத்தியிருந்த சாரத்தை அந்தக் குளிரில் தானே கல்லில் அடித்துத் துவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காத மனுஷன். வழியில் ஓரிரவு எங்கே தங்கினார், யாரோடு தங்கினார் என்று என் புத்தி ஓட ஆரம்பித்தது. சாரம் காய்ந்த பிறகு எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தேன். சவுக்கார வாசம்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் செய்ததெல்லாம் எனக்கு ஒவ்வொரு சாட்சியாகத் தெரிந்தது. மாடு பீலித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவர் என் அடுப்பில் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுடவைத்து, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கரைத்து, கையால் அதன் உதட்டில் தடவித் தடவிக் குடிக்கவைத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு கோப்பை தண்ணீர் சுடவைக்காத அடுப்பு அது. வீரம்மாக்கா ஆசையாக ஊறவைத்துக் கொண்டுவந்த புண்ணாக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "பட்டினி கெடந்து வந்த வயிறுக்கா. இப்பக் குடுத்தா உப்பிரும். காஞ்ச புல்லு போதும்" என்றார். அடியில் மானாப்புல்லைக் காயவைத்துத் தடிமனாகப் பரப்பினார். மாடு படுக்கவே இல்லை. இரவும் பகலும் நின்றது. ரோட்டைப் பார்த்துக் கத்தியது.

"எடம் மாறி வந்துருக்கு. படுத்து அசைபோட்டுச்சுன்னா பொழைச்சிரும். அதுவரைக்கும் யாரும் சீண்டாம இருக்கணும்" என்றார்.

யாரும் பார்க்காமல் இருக்கணும் என்று என் காதில் விழுந்தது.

காலையில் நான் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் ஒரு தகர வாளியை மூடி எடுத்துக்கொண்டு கீழே ஓடைப்பக்கம் போவதைக் கவனித்தேன். திரும்பி வரும்போது வாளி கழுவிக் காலியாக இருந்தது. "என்னா அது?" என்று கேட்டால், "மருந்துத் தண்ணி" என்றார். என்ன மருந்து, யார் கொடுத்தது என்றால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டார்.

இதையெல்லாம்விட ஒன்று என்னை உறுத்தியது. வந்ததிலிருந்து அவர் நெற்றியில் திருநீறு இல்லை. முகம் கழுவினால் திருநீறு பூசாமல் தேத்தண்ணி குடிக்காதவர். சாமி படம் இருக்கும் அலமாரிப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வா" என்றார். பொய்ச் சத்தியம் பண்ணியவன்தான் திருநீற்றுக்குப் பயப்படுவான். இது என் கண்டுபிடிப்பு.

மலையில் தேத்தண்ணி நேரத்தில் வீரம்மாக்கா என் போனைப் பிடுங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"கொம்பப் பாரு. முழுசா இருக்கா? வயித்தப் பாரு. இந்த வயிறு ஒரு ராத்திரியில எங்கடி போகும்? சுட்டிய விடு, சுட்டி எல்லா மாட்டுக்கும் இருக்கும். அடியே, போட்டோவுல உள்ள மாடு இது இல்ல. நல்ல மாட்ட எவனுக்கோ தள்ளிட்டு, சோப்ளாங்கி ஒண்ண ஒன் தலையில கட்டியிருக்காங்க."

"யாருக்கா?"

"நான் யார் பேரையும் சொல்லமாட்டேன்" என்றாள். அவள் சொல்லாத பெயர் என் தாலியில் கட்டியிருக்கும் பெயர்.

அன்று சாயங்காலம் அவர் புல்லுக்குப் போயிருந்தபோது வடிவேல் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "மாட்ட மாத்திட்டீங்கண்ணே" என்றேன்.

"அய்யய்யோ தங்கச்சி, என்னா பேச்சு இது! எம் புள்ளைங்க மேல சத்தியமா அதே மாடுதான்."

"அப்ப வயிறு எங்க?"

ஆள் போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. பிறகு மெதுவாக, "வீட்டுக்காரர்ட்ட கேட்டீங்களா?" என்றார்.

"அவரு எளஞ்சினைங்குறாரு."

"அப்ப அவரு சொல்றதுதான் தங்கச்சி" என்றார். இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறினவர்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. "எனக்கு இந்த மாடு வேணாம்" என்று கத்தினேன். வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமை லொறி அந்தப் பக்கம் வருகிறது, ஏற்றிவிடுங்கள், வேறு ஏற்பாடு பார்க்கலாம் என்றார்.

திரும்பிப் போகிற மாடு எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். எலும்பும் தோலுமான மாட்டை மறுபடியும் யார் வீட்டுக்கு வாங்குவார்கள்? கீழே இறக்கி வெட்டுக்குத்தான் கொடுப்பார்கள். தெரிந்தும்தான் சரியென்றேன். ஏமாந்தவளுக்கு இரக்கம் எங்கிருந்து வரும்? செல்லசாமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லொறி வந்து நிற்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

சனிக்கிழமை விடிவதற்குள் அவரைப் பணிய மலையில், கீழ்த் தேயிலைக்கு மருந்தடிக்க அனுப்பிவிட்டார்கள். அவசரமாகக் கிளம்பும்போது, "மத்தியானம் வந்து வெதுவெதுன்னு தண்ணி மட்டும் வச்சிரு. பின்னால போயிராத லெட்சுமி" என்றார். அன்று வாளி ஓடைக்குப் போகவில்லை. அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

அரைநாள் கூலிக்கு மட்டும் பேர் போட்டுக்கொண்டு மத்தியானம் இறங்கி வந்தேன். தண்ணீர் வைப்பது வெறும் சாக்குப்போக்கு. போனில் படம் எடுக்கத்தான் போனேன். வயிறு, கொம்பு, பின்பக்கம், எல்லாவற்றையும் எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து வடிவேல் அண்ணனின் முகத்தில் வீச வேண்டும். வாசலில் தொங்கிய சாக்கைக் கழற்றினேன். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

மாடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. இன்று கத்தவில்லை. தொண்டைக்குள்ளேயே மெதுவாக ஒரு குரல் கொடுத்தது, பக்கத்தில் இருக்கும் யாரையோ கூப்பிடுவதுபோல. நான் உதைக்குப் பயந்து சுவரோரமாக நகர்ந்து, குனிந்து போனை நீட்டினேன்.

மடி கல்லாக வீங்கி இருந்தது. நான்கு காம்பும் விறைத்து நின்றன. பின்னங்கால் ஓரத்துக் காம்பிலிருந்து ஒரு துளி திரண்டு, நின்று, புல்லில் விழுந்தது. அடுத்த துளி திரண்டது. அது வெள்ளையாக இல்லை. மஞ்சளாக, கெட்டியாக, பிசுபிசுப்பாக இருந்தது.

மாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த மறுநாள் என் ரவிக்கையில் பட்டுக் காய்ந்த மஞ்சள் அது. நெஞ்சு இரண்டும் இதேபோலக் கல்லாகிக் காய்ச்சல் வந்து கிடந்தேன். வீரம்மாக்காதான் மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி நெஞ்சில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு. குடிக்க ஆளில்லாத பாலுக்கு வேறென்ன செய்வது?

போனைக் கீழே வைத்துவிட்டேன். இது கன்று போட்ட மாடு. இப்போதுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் கன்று எங்கே?

என் புத்தி என் புத்திதான். அதற்குள்ளேயே அது கணக்குப் போட்டுவிட்டது: விற்றுவிட்டார். வழியில் தங்கின இடத்தில் கன்று பிறந்திருக்கிறது, அங்கேயே விற்றுவிட்டு, தாயை மட்டும் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். தாயையும் பிள்ளையையும் பிரித்த கைக்குத் திருநீறு எப்படி ஒட்டும்?

அவர் வரும்வரை முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். மருந்து டாங்கியை முதுகிலிருந்து இறக்கிவைக்கக்கூட விடவில்லை.

"கன்னுக்குட்டிய எங்க வித்தீங்க?"

அவர் கொட்டில் வாசலைப் பார்த்தார். சாக்கு கழற்றிக் கிடந்தது. டாங்கியை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

"விக்கல."

"பொய் சொல்லாதீங்க. பாலு வடியுது. நான் பாத்துட்டேன்."

"விக்கல புள்ள" என்றார் மறுபடியும். "நாவலப்பிட்டி தாண்டி ஏத்தம். வளைவுக்கு வளைவு மாடு சறுக்கிச்சு. நான் பின்னாலதான் நின்னேன், முட்டுக் குடுத்துக்கிட்டு. ஒரு வளைவுல மொத்தமா விழுந்துருச்சு. கொம்பு அப்பத்தான் ஒடைஞ்சது. எந்திரிக்கையிலயே தெரிஞ்சு போச்சு எனக்கு. வண்டிய நிப்பாட்டச் சொல்லிக் கத்துனேன். எஞ்சின் சத்தத்துல நிரோஷனுக்குக் கேக்கல."

நிரோஷன் லொறி டிரைவர்.

"அவன் நிப்பாட்டுறதுக்குள்ள வந்துருச்சு. கெடேரிக் கன்னு. மூச்சு இல்ல. வாயில ஊதிக்கூடப் பாத்தேன். ரோட்டோரமா நிப்பாட்டி, நஞ்சுக்கொடி விழுற வரைக்கும் நின்னோம். அந்தாண்ட காட்டோரத்துல மம்பட்டி வச்சு நாந்தான் பொதைச்சேன். நிரோஷன்ட்டயும் தரகர்ட்டயும் வீட்டுல சொல்லிராதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

"லொறியிலயா?" என்றேன்.

"லொறியிலதான்" என்றார். "அதுனாலதான் ஒனக்குச் சொல்ல வாய் வரல. எப்புடிச் சொல்லுவேன், சொல்லு."

கொட்டிலுக்குள் மாடு கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. அந்தச் சாரத்தை நான் முகர்ந்து பார்த்தேனே என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"திருநீறு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"பொதைச்ச கை. தீட்டு இருக்குல்ல. மாட்டுக்கும் தீட்டுதான், அதுல போயிக் கற்பூரம் காட்டலாமா? அதான் அக்காவ வேணாம்னேன்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நம்ம புள்ளைக்கும் இப்புடித்தான் இருந்தேன். நீ அப்ப ஆஸ்பத்திரியில கெடந்த. ஒனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அந்தப் பிள்ளையை யார் எங்கே புதைத்தார்கள் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. தோட்டத்து ஆட்கள் யாராவது கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். லயத்தில் எல்லாருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

பிறகு மடி ஞாபகம் வந்தது. "காலையிலயிருந்து கறக்கலியே, அதுக்கு வலிக்கும்" என்று எழுந்தேன். அந்த மூடிய வாளியில் என்ன போனது, ஏன் ஓடையில் போனது என்று இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொண்டுபோய்த் துணியை நனைத்து மடியில் ஒத்தடம் கொடுத்தேன். எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. மாடு உதைக்கவில்லை. அவர் முன்பக்கம் நின்று அதன் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். முதல் பீய்ச்சில் மாடு நடுங்கியது, பிறகு காலை அகட்டிக் கொடுத்தது. மடி தளரத் தளர அதன் மூச்சு நீளமாவது என் தோளில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே ரோட்டில் ஹோர்ன் சத்தம் கேட்டது.

"யாருக்கு லொறி?" என்றார் செல்லசாமி.

"நாந்தான் வரச் சொன்னேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க ஆசைப்பட்டேன் அல்லவா, பார்த்தேன். இப்படி வெளுக்கும் என்று நினைக்கவில்லை. "நீங்க இங்கனயே இருங்க, நானே போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

எஞ்சினை நிறுத்தாமல் நின்றது லொறி. ஆனாலும் போய்ப் பலகையில் கைவைத்து நின்றேன். நிரோஷன் எட்டிப் பார்த்தான். அவன் கண்ணும் என் கண்ணைத் தவிர்த்தது.

"மாடு வரல தம்பி. வடிவேல் அண்ணன்ட்ட சொல்லிருங்க."

"சரிக்கா" என்றவன், கியரைப் போடாமல், "அது படுக்குதாக்கா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

"படுத்துரும்க்கா" என்றான். லொறி வளைவில் திரும்பி மறையும்வரை நான் அங்கேயே நின்று பார்த்தேன். அடுப்படிக்கு ஓடவில்லை.

மேலே ஏறி வரும்போது கொட்டில் வாசலில் வீரம்மாக்கா நின்றிருந்தாள். கையில் என் போன். இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் போனதை எடுத்து அந்தப் படத்தை விரித்து வைத்திருந்தாள். செல்லசாமி உள்ளே ஓரமாகக் குந்தியிருந்தார், சத்தம் போடாதே என்று எனக்குக் கைகாட்டினார். மாடு படுத்திருந்தது. முன்னங்கால்களை மடக்கி, மானாப்புல்லின் மேல் முழு உடம்பையும் போட்டு, கண் பாதி மூடி, தாடை மெதுவாக அசைய அசைய.

"என்னாடி, லொறிய வெறுங்கையா அனுப்பிட்ட?" என்று வீரம்மாக்கா குசுகுசுத்தாள். "நல்லாப் பாருடி. நான் அன்னைக்கே சொன்னேன்ல, இது அந்த மாடு இல்லன்னு."

"அதே மாடுதாங்க்கா" என்றேன். "நானும் லொறியில போகையில ஒரு மாதிரி போயி, வரையில ஒரு மாதிரிதான வந்தேன்? என்னய நீங்க அடையாளம் கண்டுக்கிட்டீங்கல்ல."

வீரம்மாக்கா படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, கீழே கிடந்த சாக்கை எடுத்து வாசலில் மறுபடியும் கட்டினாள்.